பழைய நீர்த்தடங்களை வானிலிருந்து வாசித்தல்: புதுக்கோட்டை வகுப்பறைக்கு ஒரு பாடம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் பாலைவனம் இல்லை. ஆனால் பாலை என்றால் என்னவென்று இந்த மண்ணுக்குத் தெரியும். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரை நோக்கி நடந்த வழியைச் சொல்லும் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை, முல்லையும் குறிஞ்சியும் கோடை வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலையாவதைக் கூறுகிறது. அதே காதையில் கொடும்பை என்ற ஊரின் பெரிய குளமும் வருகிறது. மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகப் பிரியும் இடம் அது. மூவர் கோயில் நிற்கும் இன்றைய கொடும்பாளூரே அந்தக் கொடும்பை என்பர்.

மழை பொய்த்தால் பாலையாகும் நிலம், அப்படி ஆகாமல் இருக்க வெட்டப்பட்ட குளம் ஆகிய இரண்டும் ஒரே காதையில் இருக்கின்றன. மாவட்டத்தில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் உள்ளன. இவற்றில் பலவற்றுக்கு நீர் கொண்டுவரும் வாரிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது இன்று ஊரிலுள்ள முதியவர்களுக்கு மட்டுமே தெரிகிறது. சில ஊர்களில் அவர்களுக்கும் மறந்துவிட்டது. தொலைநுண்ணுணர்வு என்ற பாடத்தை இந்த இடத்திலிருந்து தொடங்கினால், மாணவர்களுக்கு அது வரையறையாக நில்லாமல் தம் ஊரைப் பற்றிய தேடலாக மாறும். அதற்கு முன், உலகின் உண்மையான பாலைவனங்களில் இந்த முறை எப்படிப் பயன்பட்டது, எங்கே ஏமாற்றியது என்பதை ஆசிரியர் அறிந்திருப்பது நல்லது.

மணலுக்குள் பார்த்த ரேடார்

1981 நவம்பரில் கொலம்பியா விண்வெளி ஓடம் இரண்டாம் முறை பறந்தபோது ஒரு ரேடார் கருவியையும் கொண்டு சென்றது. அது அனுப்பிய அலைகளின் நீளம் ஏறத்தாழ 23 செ.மீ. எகிப்து, சூடான் எல்லையில் உள்ள கிழக்குச் சகாரா மணல்வெளியை அது படம் எடுத்தது. கண்ணுக்கு அங்கே தெரிவது சமதளமான மணல் மட்டுமே. ரேடார் படத்திலோ அகன்ற ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் கிளையாறுகளும் தெரிந்தன. ஆய்வாளர்கள் பின்னர் அந்த இடங்களுக்கே சென்று குழிகள் தோண்டிப் பார்த்தார்கள். மணலுக்கு அடியில் பழைய ஆற்றுப் படிவுகள் இருந்தன. அவற்றை ஒட்டிக் கற்கால மனிதர்களின் கருவிகளும் கிடைத்தன.

இது எப்படி நடந்தது? நாம் காணும் ஒளி மணலின் மேற்பரப்பிலேயே எதிரொளித்துத் திரும்பிவிடும். நீண்ட அலைகள் உலர்ந்த மணலுக்குள் ஓரிரு மீட்டர் வரை இறங்கி, கீழேயுள்ள கரடுமுரடான தரையில் பட்டுத் திரும்பும். சமமான தரை அலையை வேறு திசைக்கு அனுப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாகவும், கரடுமுரடான தரை வெளிச்சமாகவும் தெரியும். ரேடார் கண்டது நீரை அன்று. நீர் ஒரு காலத்தில் ஓடிச் செதுக்கிய தரையின் வடிவத்தைத்தான்.

மாணவர்களிடம் மறவாமல் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. ரேடார் மணலுக்குள் இறங்கியதற்குக் காரணம் அந்த மணல் அவ்வளவு வறண்டிருந்தது. ஈரமான மண்ணில் அலைகள் அவ்வாறு இறங்காது. எனவே புதுக்கோட்டை வயலுக்கு மேல் அதே கருவி பறந்தால் நிலத்துக்கு அடியில் இருப்பதைக் காட்டாது. மண்ணின் ஈரம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பதைக் காட்டும். அதுவும் பயனுள்ள செய்திதான். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இஸ்ரோ, நாசா கூட்டுச் செயற்கைக்கோளான நிசார், இத்தகைய நீண்ட அலை ரேடாரைக் கொண்டு 12 நாள்களுக்கு ஒரு சுற்று என்ற முறையில் பூமியை மீண்டும் மீண்டும் படம் எடுக்கும் வகையில் அமைக்கப்பட்டது.

தார்ப் பாலைவனத்தில் தெரிந்த ஆறு

நம் நாட்டில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு இராஜஸ்தான். 1980களின் தொடக்கத்தில் அறிவியலாளர் யஷ்பாலும் அவருடன் பணியாற்றியவர்களும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, இன்று பெரும்பாலும் வறண்டு கிடக்கும் கக்கர் ஆற்றின் பழைய தடத்தை வரைந்தார்கள். சில இடங்களில் அதன் அகலம் 6 முதல் 8 கி.மீ. இன்றைய சிற்றோடை அவ்வளவு அகலமான பள்ளத்தை உருவாக்கியிருக்க முடியாது. ஒரு காலத்தில் சட்லெஜ் போன்ற பெரிய ஆறு அதில் ஓடியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஜெய்சால்மர்ப் பகுதியின் நிலத்தடி நீரை ஐசோடோப்பு முறையில் ஆராய்ந்தபோது, அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நிலத்துக்குள் சென்றது என்று தெரியவந்தது.

அந்தப் பெரிய ஆறு எப்போது ஓடியது என்பதைப் படம் சொல்லவில்லை. காலிபங்கன் போன்ற அரப்பா நாகரிக ஊர்கள் இத்தடத்தின் கரையில் இருந்ததால், அந்த மக்கள் பெரிய ஆற்றின் கரையில் வாழ்ந்தார்கள் என்று பலர் எண்ணினர். பின்னர் கான்பூர் ஐ.ஐ.டி.யையும் இலண்டன் இம்பீரியல் கல்லூரியையும் சேர்ந்த ஆய்வாளர்கள் அத்தடத்தில் ஆழ்துளையிட்டு மணலை எடுத்து ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2017இல் வெளியானது. அந்த மணலைச் சுமந்து வந்தது சட்லெஜ்தான். ஆனால் சட்லெஜ் ஏறத்தாழ 8000 ஆண்டுகளுக்கு முன்பே அத்தடத்தை விட்டு விலகிவிட்டது. அரப்பா நகரங்கள் செழித்தது அதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் பிறகு. ஆற்றின் தடத்தைக் காட்டியது வானத்துப் படம். அதன் காலத்தைச் சொன்னது தோண்டி எடுத்த மணல்.

கென்யாவிலிருந்து இன்னொரு செய்தி. 2013 செப்டம்பரில் அந்நாட்டின் வறண்ட துர்க்கானா பகுதியில், செயற்கைக்கோள், ரேடார் தரவுகளின் உதவியோடு மிகப்பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் கண்டறியப்பட்டதாக அரசும் யுனெஸ்கோவும் அறிவித்தன. பின்னர் நடந்த சோதனைகளில் லோட்டிகிப்பி என்ற இடத்தின் நீர் குடிக்க முடியாத அளவு உப்பாக இருந்தது. நீர் இருக்கிறது என்பதும் குடிக்கும் நீர் இருக்கிறது என்பதும் வெவ்வேறு செய்திகள்.

சகாரா, தார், துர்க்கானா மூன்றிலும் நடந்த வரிசை ஒன்றுதான். படம் ஓர் ஐயத்தை எழுப்புகிறது. அதை மண்ணில் இறங்கிச் சரிபார்க்கிறார்கள். சரிபார்ப்பில் முதல் முடிவு உறுதியாகலாம், திருத்தப்படலாம், சில சமயம் கைவிடப்படலாம். நம் மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டியது இந்த வரிசையைத்தான்.

வானிலிருந்து புதுக்கோட்டை

தமிழ்நாட்டில் காவிரி உள்ளிட்ட ஆறுகளின் தடமாற்றங்களைச் செயற்கைக்கோள் படங்கள் வழியாக ஆராய்ந்தவர்களில் பேராசிரியர் எஸ்.எம். இராமசாமி குறிப்பிடத்தக்கவர். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலைநுண்ணுணர்வு மையத்தில் பணியாற்றியவர். அந்த ஆய்வு முறையை நம் மாவட்டத்துக்குப் பொருத்த முதலில் நிலத்தை அறியவேண்டும்.

மேற்கே விராலிமலை, இலுப்பூர், குளத்தூர், பொன்னமராவதிப் பக்கங்களில் கடினப்பாறை. நீர் பாறையின் விரிசல்களில் மட்டுமே தங்கும். படத்தில் நெடுந்தொலைவு நேர்கோடாகச் செல்லும் பசுமையோ ஓடையோ தெரிந்தால் அது விரிசலாக இருக்க வாய்ப்புண்டு. கிழக்கே ஆலங்குடி, அறந்தாங்கி வழியாகக் கடற்கரை வரை மணற்கல்லும் செம்புரைக்கல்லும் வண்டலும் கொண்ட படிவு நிலம். இங்கே நீர் மணலின் இடைவெளிகளில் தேங்கும். சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாகக் கருதப்பட்ட தென்வெள்ளாறு மாவட்டத்தின் ஊடே ஓடி மணமேல்குடி அருகே கடலில் சேர்கிறது. நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கு, தென்கிழக்காகச் சரிகிறது. எனவே கண்மாய்க் கரைகள் பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில் பிறைபோல் வளைந்திருக்கும். வரத்து வாரி மேற்கிலிருந்து வரும். ஒரு கண்மாயின் கலிங்கு வழியே வழியும் நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். மேலிருந்து பார்த்தால் இவை மீன் செதில்களைப்போல் அடுக்கடுக்காகத் தெரியும்.

நம் ஊர் நீர்நிலைகளுக்குக் கல்லிலும் சான்று உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுகள் 1929இல் தொகுத்து வெளியிடப்பட்டன. அவற்றில் ஏரி, குளம், மடை, தூம்பு பற்றியவை பல. கண்மாயின் உட்புறம் இரு கல்தூண்கள் குறுக்குக் கற்களோடு நிற்பதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அதுதான் குமிழி. அடியிலுள்ள துளையைத் திறந்து கரைக்குக் கீழே நீரை வெளியேற்றும் அமைப்பு. அதை அமைத்தவரின் பெயர் சில தூண்களிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. பயிர் விளையும் வயலுக்கு நடுவே ஒரு குமிழித்தூண் தனியாக நின்றால், அந்த வயல் ஒரு காலத்தில் குளமாக இருந்திருக்கலாம். இந்தச் சான்றைச் செயற்கைக்கோள் காட்டாது. நடந்து போகும் மாணவரின் கண்தான் காணும்.

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள பொற்பனைக்கோட்டை நல்ல பயிற்சி இடம். வட்டமான கோட்டைக் கரையும் அதை ஒட்டிய அகழியின் தடமும் செயற்கைக்கோள் படத்தில் வளையமாகத் தெரியும். 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2023 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் அங்கே அகழாய்வு செய்தன. வரைபடத்தில் அந்த வளையத்தைத் தாமே தேடிக் கண்டுபிடிக்கும்படி விட்டால், வடிவத்தைக் கொண்டு பழைமையை ஊகிப்பது என்றால் என்னவென்று மாணவர்களுக்கு விளங்கிவிடும்.

வகுப்பறையில் நான்கு செயல்பாடுகள்

செயல்பாடு 1: மறைந்த வாய்க்கால் (4ஆம் வகுப்பு முதல்)

அகலமான தட்டு ஒன்றில் ஆற்றுமணலைப் பரப்புங்கள். விரலால் வளைந்த பள்ளம் ஒன்று வரைந்து, அதில் களிமண் கலந்த மக்கிய எருவை நிரப்புங்கள். மேலே ஒரு விரற்கடை உயரத்துக்கு மணலைப் பரப்பி வாய்க்காலை முழுவதும் மறைத்துவிடுங்கள். தட்டு முழுவதும் ஒரே அளவாக நீர் தெளித்து, கேழ்வரகையோ கடுகையோ சீராகத் தூவுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்திலிருந்து கைபேசியில் ஒரு படம். வாய்க்காலுக்கு மேலுள்ள மணல் மெதுவாக உலரும், அங்கே முளைகள் செழித்து நிற்கும். வாய்க்கால் எங்கே இருக்கிறது என்று தெரியாத வேறு வகுப்புக் குழந்தைகளை அழைத்து, படத்தை மட்டும் பார்த்து அதை வரையச் சொல்லுங்கள். பிறகு மணலை விலக்கிச் சரிபாருங்கள். உண்மையான பழைய ஆற்றுத்தடத்தில் பெரும்பாலும் மணலே நிறைந்திருக்கும். ஆனாலும் அடியிலுள்ள வேறுபாடு மேலே தெரியும் என்ற அடிப்படை ஒன்றுதான்.

செயல்பாடு 2: ஒரு புள்ளி எவ்வளவு பெரியது? (6ஆம் வகுப்பு முதல்)

லேண்ட்சாட் படத்தில் ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். சென்டினல்-2 படத்தில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர் என்பதால் முதல் வகையில் ஏறத்தாழ 11 புள்ளிகளும் இரண்டாவதில் 100 புள்ளிகளும் அதில் அடங்கும். பள்ளி விளையாட்டுத் திடலில் 30 மீட்டர் சதுரத்தைச் சுண்ணாம்புக் கோட்டால் வரைந்து, மாணவர்களை அதற்குள் நிற்கச் சொல்லுங்கள். அத்தனை பேரும் சேர்ந்து படத்தில் ஒரே ஒரு நிறப்புள்ளி. நகரை ஒட்டிய கவிநாடு கண்மாய் ஏன் எளிதில் தெரிகிறது, சித்தன்னவாசல் குன்றின் நவச்சுனை ஏன் தெரிவதில்லை என்று கேளுங்கள். படத்தில் தெரியாததால் ஒரு நீர்நிலை இல்லை என்று ஆகிவிடாது என்பதை அவர்களே சொல்வார்கள்.

செயல்பாடு 3: நிறத்தை வாசித்தல் (8ஆம் வகுப்பு முதல்)

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில், இஸ்ரோ 2009இல் தொடங்கிய புவன் தளத்தையும் கூகுள் எர்த்தையும் திறந்து தம் ஊரைத் தேடச் செய்யுங்கள். பொய்நிறப் படத்தில் பசுமை சிவப்பாகவும், தெளிந்த நீர் கருநீலமாகவோ கறுப்பாகவோ, கலங்கிய நீர் வெளிர்நீலமாகவும், வெறும் மணல் வெண்மையாகவும் தெரியும். மழைக்குப் பிந்தைய மார்கழி, தை மாதப் படத்தையும் சித்திரை, வைகாசிப் படத்தையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுங்கள். எல்லாம் வெளுத்த கோடையிலும் சிவப்பாக நீடிக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் எர்த்தின் காலவரிசைப் படங்களில் 1984 முதல் ஏற்பட்ட மாற்றங்களையும் காணலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கோடையிலும் சிவப்பாகத் தெரிவதெல்லாம் நீரின் அடையாளம் அல்ல. சீமைக்கருவேலம் அடர்ந்த வறண்ட கண்மாயும், தைலமரத் தோப்பும், ஆழ்துளைக் கிணற்று நீர் பாயும் தோட்டமும் அதே சிவப்பில்தான் இருக்கும். நேர்கோடு எல்லாம் பாறை விரிசலும் அல்ல. மண்பாதையோ வேலியோ மின்கம்பித் தடமோ ஆக இருக்கலாம்.

செயல்பாடு 4: வாரியைத் தேடி நடத்தல் (9ஆம் வகுப்பு முதல்)

ஒரு கண்மாயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்குப் பக்கத்தில் வாரியாக இருக்கக்கூடிய தடங்களைப் படத்திலிருந்து தாளில் வரையட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தில் அவை வாய்க்காலாகக் காட்டப்பட்டுள்ளனவா என்று பார்க்கட்டும். பிறகு ஊர் முதியவர்களிடம் கேட்கட்டும். கடைசியாக, ஆசிரியரும் பெற்றோரும் உடன்வர அந்தத் தடத்தில் நடந்து பார்க்கட்டும். கண்டதை மூன்று கட்டங்களில் எழுதவேண்டும்: படத்தில் கண்டது, அது என்னவாக இருக்கலாம், எப்படிச் சரிபார்த்தோம்.

எடுத்துக்காட்டாக, ‘கண்மாய்க்கு மேற்கே வளைந்த கருமையான பட்டை’ என்பது முதல் கட்டம். ‘பழைய வரத்து வாரி அல்லது வண்டிப்பாதை’ என்பது இரண்டாம் கட்டம். ‘கிராம வரைபடத்தில் வாய்க்கால் என்று உள்ளது, சாலைக்கு அடியிலுள்ள குழாய்ப்பாலம் மண்ணால் மூடியிருக்கிறது’ என்பது மூன்றாம் கட்டம். மூன்றாம் கட்டம் வெறுமையாக இருந்தால் இரண்டாம் கட்டத்தை ‘ஆகும்’ என்று முடிக்கக்கூடாது, ‘ஆகலாம்’ என்றே முடிக்கவேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே மொழிப்பாடத்துக்கும் அறிவியலுக்கும் ஒருசேரப் பயிற்சி கிடைத்துவிடும். மதிப்பெண் தரும்போதும், ஊகம் சரியாக அமைந்த குழுவைவிட ஊகம் தவறு என்று சான்றோடு கண்டறிந்த குழுவுக்குக் குறைவாகத் தரவேண்டாம்.

ஆசிரியர்கள் கவனிக்க

நீர் நிறைந்த கண்மாய், கைவிடப்பட்ட கல்குவாரிக் குழி, மூடாத கிணறு ஆகியவற்றின் அருகே மாணவர்களைத் தனியாக அனுப்பக்கூடாது. மழைக்காலத்தில் களப்பயணம் வேண்டாம். கல்வெட்டு உள்ள தூண்களில் சுண்ணாம்போ பெயிண்டோ பூசக்கூடாது. நிழற்படம் எடுத்தால் போதும்.

வாரியின் மேல் வீடோ வயலோ இருப்பதை மாணவர்கள் காணக்கூடும். அந்த வீடு வகுப்புத் தோழருடையதாகவும் இருக்கலாம். ஆகவே யாருடைய பெயரையும் எழுதவேண்டாம், இடத்தை மட்டும் குறித்தால் போதும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நம் வேலை தடத்தை வரைவது. ஆக்கிரமிப்பா, உரிமை நிலமா என்று தீர்மானிப்பது வருவாய்த்துறையின் வேலை.

‘இங்கே துளையிட்டால் நீர் வரும்’ என்று எந்த மாணவரும் ஊருக்குச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டக் கடன் வாங்கும் குடும்பத்துக்கு ஒரு தவறான சொல் பெரிய இழப்பாகும். நிலத்தடி நீர் வாய்ப்பு வரைபடங்களைச் செயற்கைக்கோள் படங்களோடு கள ஆய்வையும் சேர்த்தே அறிவியலாளர்கள் உருவாக்குகிறார்கள். புவன் தளத்தில் அவற்றைக் காணலாம். அவற்றிலும்கூட ‘வாய்ப்பு’ என்றே சொல்கிறார்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் முதல் செயல்பாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். அல்லது ‘பறவை பார்த்தால் நம் ஊர்க் குளம் எப்படித் தெரியும்?’ என்று ஒரு படம் வரையச் சொல்லலாம். கரை எந்தப் பக்கம், நீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற இரண்டு கேள்விகளும் அதற்குப் போதும்.

நான்காம் செயல்பாட்டில் உருவாகும் வரைபடத்தைப் பள்ளிச் சுவரில் மாட்டுவதோடு விட்டுவிட வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காட்டுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. சரிபார்த்த வாரிகளை ஒரு நிறத்திலும் சரிபார்க்க வேண்டியவற்றை வேறு நிறத்திலும் காட்டும் வரைபடம் ஒன்றை அன்று பெற்றோர் முன் விரித்து வைத்தால், அதில் விடுபட்ட வாய்க்கால்களைச் சுட்டிக்காட்ட ஊரில் யாராவது ஒருவர் எழுந்து வருவார். அவர் சொல்வதை முதலில் இரண்டாம் கட்டத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த விடுமுறை நாளில் அவரோடு நடந்து பார்த்த பிறகு மூன்றாம் கட்டத்தை நிரப்பலாம்.